கடிகாரமா, பாதமா? மின்சாரத்தால் நடையை மீட்கும் ஆய்வுகள்

சுவிற்சர்லாந்தில் வாழும் வாசகர் ஒருவரிடமிருந்து அண்மையில் எமது அலுவலகத்திற்கு ஒரு கடிதம் வந்தது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னியில் எறிகணைச் சிதறல் ஒன்று அவரது தம்பியின் முதுகில் பாய்ந்தது. அன்றிலிருந்து தம்பிக்கு இடுப்பின் கீழே உணர்வுமில்லை, அசைவுமில்லை. "ஐயா, நான் இருக்கும் இடத்திலிருந்து லொசான் நகருக்குப் புகையிரதத்தில் ஒரு மணித்தியாலப் பயணந்தான். அங்கே மின்சாரம் பாய்ச்சி, நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். தம்பியைக் கூப்பிட என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு காசு வேண்டும்? சீட்டெடுத்த காசு கொஞ்சம் கையில் இருக்கிறது" என்று அவர் எழுதியிருந்தார். வேறொரு விடயத்தையும் அவர் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தார். அதற்குப் பின்னர் வருவோம்.

'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆயினும் சீட்டுக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மனிதருக்கு அத்தகைய பதில் போதாது. தொலைக்காட்சி காட்டிய அந்தச் சில அடிகளுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு விவாதம் இருக்கிறது. அவ்விவாதம் தவளைகளிலும் பூனைகளிலும் எலிகளிலும் நடத்தப்பட்டது. எது சாத்தியம், எது இன்னும் சாத்தியமாகவில்லை என்பதை அதை அறிந்தால்தான் மதிப்பிட முடியும்.

உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்தவர்களுக்குக் கல்வானியின் பெயர் நினைவிருக்கும். இத்தாலியின் பொலோஞா நகரைச் சேர்ந்த அவர், இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கண்டு 1791 இல் தமது ஆய்வை வெளியிட்டார். தசையை அசைக்க மூளையின் ஆணை கட்டாயமன்று, நரம்புக்கு மின்சாரம் கொடுத்தாலே போதும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அப்படியாயின் இடுப்பின் கீழ் இயக்கமிழந்தவரை நடக்க வைக்க ஏன் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது? முள்ளந்தண்டில் காயமுற்ற பெரும்பாலானோரின் கால் தசைகளும், அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும், அந்நரம்புகள் புறப்படும் முண்ணாணின் கீழ்ப்பகுதியும் உயிரோடுதான் இருக்கின்றன. மூளையிலிருந்து கீழே வரும் பாதை மாத்திரமே அறுந்திருக்கிறது.

தசையைச் சுருக்குவது வேறு, நடப்பது வேறு என்பதே இதற்கு விடை. ஒரு காலின் நடையை எடுத்துக்கொண்டால் அதில் இரு கட்டங்கள் உள்ளன. பாதம் தரையில் ஊன்றி உடலைத் தாங்குவது ஒன்று. பாதம் தரையைவிட்டு எழுந்து முன்னே வீசப்படுவது மற்றையது. முதலாவதில் இடுப்பையும் முழங்காலையும் நீட்டும் தசைகள் உழைக்கின்றன. இரண்டாவதில் அவற்றை மடக்கும் தசைகள் உழைக்கின்றன. ஒரு கட்டத்திலிருந்து மற்றையதற்கு எப்போது மாறுவது? அரைச் செக்கன் முந்தினால் உடற்பாரம் இருக்கும்போதே கால் மடங்கி மனிதர் விழுவார். பிந்தினால் கால் பின்னாலேயே கிடந்து இழுபடும். ஆகவே மின்சாரம் எவ்வளவு என்பதிலும் பார்க்க, 'எப்போது' என்று தீர்மானிப்பது யார் என்பதே முக்கியமான கேள்வியாகிறது. பொறியியலாளர்கள் இதனைக் கட்டுப்பாட்டு முறை என்பர்.

மனிதரில் முதல் முயற்சி மிக எளிமையானது. 1961 இல் அமெரிக்காவில் லிபர்சன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும், பாரிசவாதத்தால் பாதம் தொங்கியவர்களின் சப்பாத்துக் குதியில் ஓர் ஆளியை வைத்தனர். குதி தரையைவிட்டு எழும்பியதும் முழங்காலருகே ஓடும் நரம்புக்கு மின்சாரம் பாயும், பாதம் மேலே தூக்கும். குதி ஊன்றியதும் நிற்கும். அவ்வளவுதான். மீதி நடையை நோயாளியின் மூளையே பார்த்துக்கொண்டது. 1982 இல் ஒகாயோ மாநிலத்தின் டேற்றன் நகரில் பெற்றோஃப்ஸ்கி என்ற ஆய்வாளரின் கணனி, இடுப்பின் கீழ் இயக்கமற்ற மாணவி ஒருவரைச் சில அடிகள் எடுத்துவைக்கச் செய்தது. மறு ஆண்டு அவர் நடந்து சென்று பட்டம் பெற்ற காட்சி உலகமெங்கும் காட்டப்பட்டது. அன்றும் எத்தனையோ குடும்பங்கள் எமது வாசகரைப் போலவே கடிதம் எழுதியிருக்கும்.

அம்முயற்சி பரவலாகாமற் போனதற்குத் தசைக் களைப்பு ஒரு பெருங் காரணம். உடல் தானாக இயங்கும்போது களைக்காத சிறிய நரம்புக்கலங்களை முதலிலும், விரைவிற் களைக்கும் பெரியவற்றைத் தேவைப்படும்போது மாத்திரம் கடைசியிலும் வேலைக்கு அழைக்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹென்னெமன் 1965 இல் பூனைகளில் எடுத்துக்காட்டிய விதி இது. வெளியிலிருந்து நரம்புக்குக் கொடுக்கும் மின்சாரமோ இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. கூலியாட்களில் அதிக பலமுள்ளவனும் விரைவில் இளைப்பவனுமானவனையே முதலில் பிடித்து மூட்டை சுமக்கச் சொல்வது போன்றது இது. சில நிமிடங்களில் முழங்கால் தளர்ந்துவிடும். முன்கூட்டியே எழுதிவைத்த நேர அட்டவணைக்கு அது தெரியாது.

இங்கேதான் நூறாண்டு விவாதம் வருகிறது. பிரித்தானிய உடற்றொழிலியலாளர் சேர் சாள்ஸ் செறிங்டன், தெறிவினைகளை ஆராய்ந்து 1932 இல் நோபல் பரிசு பெற்றவர். நடை என்பது தெறிவினைகளின் சங்கிலி, அதாவது ஒரு கட்டத்தில் பாதமும் மூட்டும் அனுப்பும் உணர்வே அடுத்த கட்டத்தை எழுப்புகிறது என்ற கருத்து அவரது ஆய்வுகளையொட்டி வளர்ந்தது. அவரது லிவர்பூல் ஆய்வுகூடத்திலேயே பணியாற்றிய தோமஸ் கிரகாம் பிறவுண் 1911 இல் இதனை மறுத்தார். பூனையின் முண்ணாணை மூளையிலிருந்து துண்டித்து, காலிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்பு வேர்களையும் அறுத்த பின்னரும், கால் தசைகள் மாறிமாறிச் சுருங்குவதை அவர் கண்டார். அப்படியாயின் தாளம் முண்ணாணுக்குள்ளேயே இருக்கிறது. நீட்டும் பாதி, மடக்கும் பாதி என இரு பாதிகள் ஒன்றையொன்று அடக்கி மாறிமாறி எழுகின்றன என்றார். அக்காலத்தில் அவரது கூற்றைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. அவரும் பின்னாளில் ஆல்ப்ஸ் மலையேறுவதில் பெரும் ஈடுபாடு கொண்டு, மொன் புளோங் சிகரத்திற்குப் புதிய வழிகள் கண்டவராகவே அதிகம் அறியப்பட்டார்.

அவரது கருத்து அரை நூற்றாண்டின் பின்னரே உயிர்பெற்றது. 1966 இல் மொஸ்கோவில் ஷிக், செவெரின், ஒர்லோவ்ஸ்கி ஆகிய மூவரும், பெருமூளை நீக்கப்பட்ட பூனையின் நடுமூளையில் ஒரு சிறு பகுதிக்குச் சீரான மின்துடிப்புகளைக் கொடுத்தபோது, ஓடும் பட்டியின் மேல் அப்பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட நடை ஓட்டமாகி, பின்னர் பாய்ச்சலாகியது. மேலிருந்து வரும் செய்தி 'நட' என்ற ஒரு கட்டளை மாத்திரமே, எந்தத் தசை எப்போது என்பதைக் கீழே முண்ணாண் பார்த்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கியது. சுவீடனின் ஸ்ரென் கிறில்னர் இலாம்பிரே எனப்படும் தாடையற்ற நீர்வாழ் உயிரியில் இச்சுற்றின் கலங்களை ஒவ்வொன்றாக இனங்கண்டார். மொன்றியலில் பார்போவும் றொசிஞ்ஞோலும் 1987 இல், முண்ணாண் முற்றாகத் துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளை ஓடும் பட்டியில் நாள்தோறும் பயிற்றியபோது, அவை பின்னங்கால்களால் பாரந்தாங்கி நடக்கத் தொடங்கின.

செறிங்டன் வழியும் முற்றாகப் பொய்த்துவிடவில்லை. பின்னே சென்ற காலின் இடுப்பு மூட்டு போதிய அளவு நீளாமலும், அக்காலின் மேலுள்ள பாரம் குறையாமலும் பூனை அக்காலைத் தூக்குவதில்லை என்பதை 1980 அளவில் எட்மன்ரனிலும் ஏனைய இடங்களிலும் நடந்த ஆய்வுகள் நிறுவின. பாரம் இருக்கும்வரை தூக்காதே, மறுகால் ஊன்றியபின் தூக்கு. நடக்கப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்திருக்கும் எந்தத் தாயும் அறிந்த விதிதான் இது.

ஆக, நடையை மீட்க விரும்பும் பொறியியலாளருக்கு முன்னால் இரு வழிகள் இருந்தன. ஒன்று கடிகாரம்: உள்ளிருக்கும் தாளத்தைப் போல, நேரத்தின்படி மின்சாரம் கொடுத்துக்கொண்டே போவது. மற்றையது பாதம்: உணரிகள் தரும் செய்தியைக் கேட்டு, 'இப்படியாயின் இப்படிச் செய்' என்ற விதிகளின்படி கட்டம் மாற்றுவது. இவ்விரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பார்த்தவர்கள் கனடாவின் அல்பேற்றாப் பல்கலைக்கழகத்தினர். எட்மன்ரனில் எமது வாசகர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அன்றாடம் கடந்து செல்லும் வளாகத்திலேதான் விவியன் முஷாவாரின் குழுவினர் இவ்வாய்வுகளை நடத்தினர்.

2007 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆழ்ந்த மயக்கத்திலிருந்த பூனைகளின் உடலை ஒரு தாங்கி பகுதியளவில் ஏந்திக்கொள்ள, பின்னங்கால் தசைகளில் மின்வாய்கள் செருகப்பட்டன. கடிகாரம் மட்டும் கட்டுப்படுத்தியபோது கால்கள் மாறிமாறி அடியெடுத்து வைத்தன. ஆனால் தசை களைத்தாலோ, ஒரு கால் பின்தங்கினாலோ கடிகாரம் அதனைக் கவனிக்கவில்லை. விதிகள் வந்தபோது பாரம் தாங்கும் கால் தன் கடமை முடியும்வரை காத்திருந்தது. ஆனால் விதிகளை மாத்திரம் நம்புவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. களைத்த கால், விதி கேட்கும் அளவுக்குப் பின்னே செல்லாவிடில், அடுத்த கட்டம் எழும்பவே மாட்டாது. நடை அப்படியே உறைந்துவிடும். எனவே கடிகாரம் வழமையான தாளத்தை வைத்திருக்க, ஆபத்தான தருணங்களில் உணரிகளின் விதி குறுக்கிட்டு அதனைத் திருத்துவதே சிறந்ததெனக் காணப்பட்டது. உயிருள்ள பூனையின் முண்ணாணும் இதையே செய்கிறது. செறிங்டனும் பிறவுணும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒத்துப்போகாத விடயத்தில், அவர்களது கருத்துக்களைக் கணனி ஒன்று ஒத்துப்போக வைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

மின்சாரத்தை எங்கே கொடுப்பது என்ற கேள்வியும் இதனோடு பின்னிப் பிணைந்தது. எட்மன்ரன் குழுவினர் தலைமயிரிலும் மெல்லிய கம்பிகளை முண்ணாணின் உள்ளேயே, கால்களை இயக்கும் கலங்கள் செறிந்திருக்கும் சிறு பகுதியில் செருகினர். மனிதரில் இப்பகுதியின் நீளம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் மாத்திரமே. தோலின் மேலிருந்து தூண்டுவதற்கு வேண்டியது மில்லி அம்பியர்க் கணக்கில். இங்கே மைக்ரோ அம்பியர்க் கணக்கு போதும். ஒரு கம்பியே பல தசைகளை ஒழுங்காகச் சேர்த்து இயக்குகிறது, களைப்பும் குறைவு. 2016 இல் அவர்கள் இம்முறையோடு மேற்சொன்ன கலப்புக் கட்டுப்பாட்டையும் சேர்த்தபோது, மயக்கத்திலிருந்த பூனைகள் பல நூறு மீற்றர் தூரம் நடைமேடையில் நடந்தன.

இதற்குப் பிந்திய ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. மேற்சொன்ன விதிகளில் உள்ள எல்லைகளை ஒவ்வொரு பூனைக்கும் ஆய்வாளர் தம் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்தில் அது முடியும். வீட்டிலிருக்கும் நோயாளிக்கு நாள்தோறும் யார் வந்து சரிசெய்வது? 2020 இல் முஷாவாரின் குழுவினர், அதே பல்கலைக்கழகத்தின் கணனி விஞ்ஞானி றிச்சர்ட் சட்டனோடு சேர்ந்து, இயந்திரம் தானே கற்கும் முறை ஒன்றைப் பரிசோதித்தனர். பாவ்லோவின் நாய் மணியோசை கேட்டதும் உணவை எதிர்பார்த்து உமிழ்நீர் சுரந்ததை யாவரும் அறிவோம். அதுபோல இந்நிரலும், பாதத்தின் பாரம் எப்போது குறையப்போகிறது என்பதை நடந்துகொண்டிருக்கும்போதே கற்று, முன்கூட்டியே எதிர்பார்த்து, அடுத்த அடியை எழுப்பியது. ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்கு மாறும்போதும் ஆய்வாளர் எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இப்பூனைகள் மயக்கத்தில் நடந்தன. அவற்றின் முண்ணாணும் தசையும் பரிசோதனை நாள்வரை நலமாக இருந்தவை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்தவரின் கால்களோ வேறு. தசை வற்றியிருக்கும். எலும்பு நொய்ந்திருக்கும். திடீரெனத் தசை இழுத்துக்கொள்ளும் வலிப்பும் இருக்கும். பல நூறு மீற்றர் என்ற எண்ணை வாசிக்கும்போது இவ்வித்தியாசத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

லொசான் ஆய்வாளர்கள் எடுத்த வழி வேறு. கிறகுவார் கூர்த்தீனின் குழுவினர் முண்ணாணுக்குள் எதையும் செருகவில்லை. அதன் உறைக்கு வெளியே மின்வாய்களை வைத்து, காலிலிருந்து வரும் உணர்வு வேர்களைத் தூண்டி, முண்ணாணின் சொந்தச் சுற்றுக்களை விழிக்கச் செய்தனர். 2012 இல் அவர்கள் வெளியிட்ட எலி ஆய்வு ஒப்பீட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வகைக் காயமுள்ள எலிகளில் ஒரு பகுதியினவற்றை ஓடும் பட்டியில் மாத்திரம் பயிற்றினர். அவற்றின் கால்கள் பட்டியோடு நடந்தன. தாமாக நடக்கும் ஆற்றல் திரும்பவில்லை. ஏனையவற்றை ஒரு தானியங்கித் தாங்கியில் நிறுத்தி, எதிரே சொக்கிலேற் துண்டைக் காட்டினர். தூண்டலின் உதவியோடு அதனை அடைய முயன்று முயன்று, காயத்தைச் சுற்றி எஞ்சிய நரம்புகளில் புதிய தொடர்புகள் முளைக்க, அவை தாமாகவே நடந்தன. அந்த எலிகளின் முண்ணாண் முற்றாக அறுபட்டிருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முற்றாக அறுபட்ட எலிகளைப் பற்றியது 2014 ஆம் ஆண்டின் ஆய்வு. மின்துடிப்புகளின் மீடிறனைக் கூட்டினால் பாதம் உயரும், குறைத்தால் தாழும் என்ற தொடர்பைக் கண்டு, கமராக்கள் பாதத்தைக் கவனிக்க, கணனி அடிக்கு அடி மீடிறனை மாற்றியது. எலிகள் தடையின்றி ஆயிரத்திற்கு மேற்பட்ட அடிகள் நடந்தன, படிகளும் ஏறின. எனினும் அந்நடையில் எலியின் விருப்பத்திற்கு இடமிருக்கவில்லை. விருப்பத்தையும் இணைத்தது 2016 ஆம் ஆண்டின் குரங்கு ஆய்வு. சீனாவில் நடத்தப்பட்ட இப்பரிசோதனையில், மூளையிற் பதித்த உணரி காலை அசைக்கும் எண்ணத்தை வாசித்து, கம்பியில்லா முறையில் முண்ணாணின் மேலுள்ள தூண்டிக்கு அனுப்பியது. ஒரு குரங்கு காயமுற்ற ஆறாம் நாளே செயலிழந்த காலை ஊன்றி நடந்தது.

எலியில் வென்றது மனிதரில் அப்படியே வெல்லுமா? வெல்லவில்லை. அதைக் கண்டுபிடித்து வெளிப்படையாகச் சொன்னவர்களும் இதே குழுவினர்தான். இடைவிடாத தூண்டல் எலிக்குப் போதுமாயிருந்தது. மனிதரிலோ அதே தூண்டல், காலிலிருந்து மேலே வரும் இயற்கையான உணர்வுச் செய்திகளை எதிர்கொண்டு மோதி அழித்துவிடுகிறது என்பதை 2018 இல் அவர்கள் காட்டினர். மனித நரம்பு நீளமானது. செய்தி மேலே வந்துசேரும் முன்னரே, எதிர்த்திசையில் இறங்கும் துடிப்பு அதனைச் சந்தித்துவிடும். கால் எங்கே இருக்கிறது என்பதை நோயாளி உணர முடியாமற் போகும். பாதத்தின் குரலைக் கேட்க வேண்டிய கருவியே அக்குரலை அடக்கிவிட்டது. ஆகவே ஒவ்வொரு அடிக்கும் உரிய வேருக்கு, உரிய கணத்தில் மாத்திரம் மின்சாரம் கொடுக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் பல ஆண்டுகளுக்கு முன் காயமுற்ற மூவர் இம்முறையால், உடற்பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்கி ஏந்த, ஒரு வாரத்திற்குள் அடியெடுத்து வைத்தனர். 2023 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழப் பத்தாண்டுக்கு முன் காயமுற்ற ஒருவரின் மூளைக்கும் முண்ணாணுக்கும் இடையே மின்பாலம் அமைக்கப்பட்டிருந்தது. கருவியை நிறுத்திய பின்னரும் அவர் ஊன்றுகோலோடு சில அடிகள் நடந்தார். எமது வாசகர் தொலைக்காட்சியிற் பார்த்தது இதுவாகவே இருக்கும்.

இனி அவருக்கான பதில். இவை யாவும் ஒரு சிலரில் நடந்த ஆய்வுகள். மருத்துவமனைக்குச் சென்று பெறக்கூடிய நடைச் சிகிச்சை அங்கே இல்லை. 2024 டிசெம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த லொசான் வழிவந்த தூண்டியும், கழுத்தில் காயமுற்றோரின் கைகளுக்கானதே, கால்களுக்கானதன்று. ஆய்வில் சேர்ப்போர் காயம் எவ்விடத்தில், முழுமையானதா பகுதியானதா என்பதைப் பார்த்தே சேர்ப்பர். மாதக்கணக்கில் அருகிலிருந்து பயிற்சி பெறவும் வேண்டும். உண்மையான ஆய்வில் நோயாளியிடம் கட்டணம் அறவிடுவது வழமையன்று. எனவே நடக்க வைப்போம் என்று கூறி முற்பணம் கேட்கும் எந்த இடத்திற்கும் அந்தச் சீட்டுக் காசு போகக்கூடாது என்று அவருக்கு எழுதினேன். இன்னொன்றும் எழுதினேன். எறிகணைச் சிதறல் முண்ணாணின் கீழ்ப்பகுதியையே, அதாவது நடைச் சுற்றுக்கள் இருக்கும் இடத்தையே அழித்திருந்தால், மேலே சொன்ன எந்த முறைக்கும் தூண்டுவதற்கு அங்கே எதுவும் எஞ்சியிராது. ஆகவே காயம் எந்த முள்ளெலும்பின் மட்டத்தில் என்பதை மருத்துவ அறிக்கையில் முதலிற் பாருங்கள் என்றேன்.

கடிதத்தின் கடைசியில் இருந்த கேள்வி தம்பியினுடையது. நடப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. "சிறுநீர்க் குழாய் இல்லாமல் இருக்க இந்த மின்சாரம் உதவுமா என்று கேட்கச் சொன்னான்" என்று அண்ணன் எழுதியிருந்தார். முள்ளந்தண்டுக் காயமுற்றோரிடம் எது முதலில் மீள வேண்டும் என்று கேட்டு 2004 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்விலும், கையும் சிறுநீரும் மலமும் பாலுறவும் நடையோடு சமமாகவோ அதற்கு முன்னதாகவோதான் வந்தன. அக்கேள்விக்கு நான் சற்றுத் தெம்போடு பதில் எழுத முடிந்தது. இலண்டனில் கைல்ஸ் பிரிண்ட்லி என்பவர் முதலில் பபூன் குரங்குகளிற் பரிசோதித்து, 1970களின் பிற்பகுதியில் மனிதரிற் பொருத்திய தூண்டி, முண்ணாணின் அடியிலுள்ள நரம்பு வேர்களுக்கு மின்சாரம் கொடுத்துச் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்கிறது. உலகில் ஆயிரக்கணக்கானோர் அதனைப் பெற்றிருக்கிறார்கள். அதற்கும் பெரிய சத்திரசிகிச்சை வேண்டும். பொருத்தும்போது சில உணர்வு வேர்களை வெட்டுவதும் வழக்கம், அதனால் இழப்பவையும் உண்டு. சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் பழுதுறாதிருக்கவும் வேண்டும். ஆனால் அங்கே கடிகாரமும் வேண்டாம், பாதத்தின் உணரியும் வேண்டாம். வேளை வந்ததும் நோயாளி தாமே ஓர் ஆளியை அழுத்தினால் போதும்.

காயத்தின் மட்டத்தை அறிந்து எழுதுவதாக அண்ணன் பதில் அனுப்பியிருக்கிறார். அறிக்கை 2009 இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டதாம். புதிதாகப் படமெடுக்கத் தம்பி அடுத்த மாதம் வவுனியாவுக்குப் போகிறார்.